வைத்தியரின் கண்ணில் ஒரு நாகு

கேள்வி: உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகளுடன் சேர்ந்து, வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் எழுதிய ‘த யூஸ் ஒஃப் ஃபோர்ஸ்’ சிறுகதையை வாசித்தேன். தொண்டையைக் காட்ட மறுக்கும் நோயாளிச் சிறுமியை வைத்தியர் மாட்டுக்கும் பூனைக்கும் ஒப்பிடுகிறார். இது அந்தப் பிள்ளையை இழிவுபடுத்துவதாகாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அப்படித் தோன்றுவது நியாயமே. ஆனால் கதையைச் சொல்பவர் அந்த வைத்தியர்தான் என்பதையும், அவருடைய கண்ணைத் தவிர வேறு கண் நமக்கு அங்கே தரப்படவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். நியூ ஜேர்சியின் ரதர்ஃபோர்டில் பல்லாண்டுகள் வைத்தியம் பார்த்தவரான வில்லியம்ஸ், தம் தொழிலைச் சேர்ந்த ஒருவரையே கூண்டில் ஏற்றுகிறார்.

சிறுமி மெட்டில்டாவைப் பார்த்த கணத்திலேயே, அழகிய பிள்ளை, இளம் பசுவைப் போல் வலுவானவள் என்று அவர் எண்ணுகிறார். அதில் வியப்பு உண்டு. கூடவே, சந்தையில் மாடு பார்ப்பவரின் அளவெடுப்பும் உண்டு. பிறகு கதிரையைச் சற்று அருகே நகர்த்தியதும், பூனைப் பாய்ச்சலாக அவள் இரு கைகளும் அவர் கண்களைப் பிறாண்ட எழுகின்றன. மூக்குக்கண்ணாடி உடையாமல் குசினித் தரையில் தெறித்து விழுகிறது. பிள்ளையைக் குறித்து நினைவில் நிற்கும் விலங்குவமைகள் இவை இரண்டுமே.

இதற்குப் பின்னர் நடப்பதைத்தான் நான் ஊன்றி வாசிக்கச் சொல்வேன். நாக்கை அழுத்தும் மரத்தட்டையை அவள் கடைவாய்ப் பற்களால் கடித்துச் சிம்புசிம்பாக்கிவிடுகிறாள். வாயிலிருந்து இரத்தம் வருகிறது. வைத்தியரோ நிறுத்தாமல் கரண்டி கேட்கிறார். அவளைக் கிழித்தெறிந்து அதில் இன்பம் கண்டிருப்பேன் என்றும், தாக்குவதே சுகமாயிருந்தது என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். கிழிப்பதும் பாய்வதும் விலங்கின் வினைகள். ஆயினும் தம்மை எந்த விலங்கோடும் அவர் ஒப்பிடுவதில்லை. நம் சங்கப் பாடல்களின் உள்ளுறையில் விலங்கின் செயல் வெளியே நிற்க, மனிதர் மறைந்திருப்பர். இங்கே அது தலைகீழாகி, மனிதர் வெளியே நிற்க, விலங்கு மறைந்திருக்கிறது. பிள்ளைக்கு உவமை, தமக்கு வினை மட்டும் என்ற இந்தப் பங்கீட்டிலேயே வைத்தியர் அகப்பட்டுக்கொள்கிறார் என்பது என் கருத்து.

அவளுக்குத் தொண்டை நோய் என்ற அவர் சந்தேகம் பொய்யன்று. மூன்று நாட்களாக அவள் மறைத்த தொண்டையில், தொண்டைக் கரப்பான் என்று நாம் சொல்லும் டிப்தீரியாவின் சவ்வு படர்ந்திருக்கிறது. நோயைக் கண்டுபிடித்தது சரியாக இருப்பதனால்தான் தாக்குவதில் அவர் கண்ட அந்தச் சுகம் நம்மை இவ்வளவு தொந்தரவு செய்கிறது.

கேள்வி: அதே கதையைத் தமிழாக்க முயல்கிறேன். அந்த இளம் பசுவைக் ‘கன்றுக்குட்டி’ என்று எழுதலாமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: வேண்டாம். கன்றுக்குட்டி என்றதும் நமக்குத் துள்ளலும் செல்லமும் வரும். ‘பசு’ என்றாலோ சாது என்றாகிவிடும். இரண்டிலும் வலு இல்லை. தமிழகத்தார் ‘கிடாரி’ என்பர். யாழ்ப்பாணத்துத் தொழுவங்களில் ‘நாகு’ என்ற சொல் இருக்கிறது. தொல்காப்பிய மரபியலும் எருமை, மரை, பெற்றம் (மாடு) ஆகியவற்றின் பெண்ணை அப்படித்தான் அழைக்கிறது. ‘நாகு போல் திடமானவள்’ என்று எழுதிப் பாருங்கள். கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அகராதி தேவைப்படலாம், தேடட்டும்.