பாலக்கோட்டுத் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

தக்காளி மண்டி வேலையைப் போட்டுவிட்டு வந்து கேட்டீர்கள்: "நீட் தேறாத பெண், புதுக் கிருமிகளைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்கிறாள். டாக்டர் ஆகாதவளுக்கு அந்த வேலையை யார் கொடுப்பார்கள்?" அன்று கூட்டத்தில் அரைகுறையாகச் சொன்னதை இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஒரு ஹோட்டலில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடந்தது. போய் வந்தவர்கள் வரிசையாக நிமோனியாவில் விழுந்தார்கள். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஜோசப் மெக்டேட் என்பவர் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தகட்டில் கோல் வடிவ பாக்டீரியா சிலவற்றைப் பார்த்தார். வெளியிலிருந்து கலந்த அசுத்தம் என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் மனம் ஆறவில்லை. டிசம்பர் கடைசியில், ஊரே விடுமுறையில் இருந்தபோது, அதே பழைய தகடுகளை மறுபடி எடுத்து உட்கார்ந்தார். கருவுற்ற கோழி முட்டையில் அந்தக் கிருமியை வளர்த்தார். நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள், அதாவது அந்தக் கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள், இருப்பதைக் காட்டினார். 1977 ஜனவரியில் உலகுக்குத் தெரிந்த அந்தக் கிருமிதான் லெஜியோனெல்லா. மெக்டேட் மருத்துவர் அல்லர், நுண்ணுயிரியல் ஆய்வாளர்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன; காட்டோர மக்களுக்குக் காய்ச்சல் கண்டது. உண்ணி வழியாகப் பரவும் புது வைரஸ் என்று புனே ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். காடும் மாடும் பக்கத்திலேயே இருக்கும் நம் பகுதிப் பிள்ளைக்கு இது அந்நியமான துறையே இல்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி. நுண்ணுயிரியலோடு நிறுத்தினால் தனியார் லேபில் சொற்பச் சம்பளம்தான். எம்.எஸ்சி. கட்டாயம். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வைராலஜிக்கென்றே, அதாவது வைரஸ்களைப் பற்றிய படிப்புக்கென்றே, எம்.எஸ்சி. இருக்கிறது. பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதியை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. முனைவர் படிப்புக்கு நீங்கள் கடன் வாங்க வேண்டியதில்லை. இப்போது கிருமியின் மரபணுவைக் கணினியில்தான் படிக்கிறார்கள். அதனால் புள்ளியியலையும் கணினியையும் அவள் விட்டுவிடக் கூடாது.

மொத்தம் பத்து ஆண்டுகள் ஆகலாம். நடுவில் கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள். அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்ட வீடுகளில் பிள்ளைகள் உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி பார்க்கப் போகும்போது அவளையும் அழைத்துச் செல்லுங்கள். கட்டடத்தை விடுங்கள், லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் தங்கள் கையால் கிருமி வளர்த்துப் பார்க்கிறார்களா என்று அவளே கேட்கட்டும்.