முதல் சாமான் உனக்கில்லை

கேள்வி: ஐயா, எனக்கு 20 வயது. ஏர்கோன், குளிர்பதனத் துறையில் எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) இரண்டாம் நிலை படித்துக்கொண்டே, ஏழு மாதமாக என் அக்காள் வீட்டுக்காரரிடம் வேலை பழகுகிறேன். மாதம் 1,200 வெள்ளி தருகிறார். இதுவரை அத்தானின் சாமான்களைத்தான் எடுத்துப் புழங்கினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் கெப்போங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வேலை செய்தபோது அவருடைய ஃபிளேரிங் டூல் (பைப்பின் வாயை விரிக்கும் கருவி) கைதவறிக் கீழே விழுந்துவிட்டது. பரவாயில்லை என்றுதான் சொன்னார். ஆனால் இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போட்ட ஏர்கோனில் கேஸ் லீக் என்று மூன்று வீட்டுக்காரர்கள் திரும்பக் கூப்பிட்டதால் அவருக்கு டென்ஷன். அதனால் எனக்கென்று முழு செட் வாங்கிவிட முடிவு செய்திருக்கிறேன். அம்மாவுக்கு இந்த மாதம் கூட்டு (சீட்டு) விழுகிறது. 3,000 வெள்ளி தருகிறேன் என்கிறார். ஆன்லைனில் 52 சாமான்கள் கொண்ட பெட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கலாமா, நல்ல பிராண்டாகப் பார்த்துத் தனித்தனியே எடுக்கலாமா?
— வேலை பழகும் இளைஞன், செந்தூல்

பதில்: தம்பி, ஜாலான் பாசாரில் சாமான் கடைக் கவுண்டருக்குப் பின்னால் 31 வருடம் நின்றவன் நான். எந்த பிராண்ட் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது. உன் கடிதத்தில் பிராண்டுகளைப் பற்றி வந்த ஒன்றரைப் பக்கத்தை வெட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மிச்சமிருந்ததில் ஒரு வரியைத்தான் மூன்று முறை படித்தேன். ‘பரவாயில்லை என்றுதான் சொன்னார்.’

அந்த ‘தான்’ எங்கிருந்து வந்தது? அவர் மனதில் வேறு ஏதோ இருந்தது என்று உனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டாய்.

வெளியாள் தவுக்கேயின் (முதலாளியின்) சாமானைப் போட்டு உடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்திருப்பார், நீயும் முணுமுணுத்துவிட்டு மறந்திருப்பாய். அத்தானால் அப்படிப் பிடிக்க முடியுமா? பிடித்தால் அன்றைக்கு ராத்திரியே உன் அம்மா காதுக்குப் போகும். மாப்பிள்ளை பிள்ளையிடம் கணக்குப் பார்க்கிறார் என்று பேச்சு வரும். உன் அக்காள் இரண்டு பக்கமும் பார்க்க முடியாமல் நிற்பாள். அவருக்கு அன்றைக்கு வாயில் வரக்கூடிய வார்த்தை அது ஒன்றுதான். சொந்தக்காரன் திருப்பிக் கேட்க மாட்டான் என்பதாலேயே அவன் பொருளுக்கு நாம் இரண்டு மடங்கு பதில் சொல்ல வேண்டும். என் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள், நானும் அப்படித்தான் வளர்த்தேன்.

என் சொந்தத் தம்பி 1994இல் என்னிடமிருந்து ஒரு டிரில் வாங்கிப் போனான். மோட்டார் எரிந்து திரும்பி வந்தது. நானும் பரவாயில்லை என்றுதான் சொன்னேன். அவன் வீட்டுக் கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றுக்கும் போகிறேன், பந்தியில் பக்கத்தில் உட்காருகிறேன். டிரில்லைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. மற்ற விஷயங்களைப் பற்றியும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

சரி, அந்த ஃபிளேரிங் டூல் விழுந்த பிறகு அதை நீ எடுத்துப் பார்த்தாயா? பார்த்திருந்தால் எழுதியிருப்பாய். இன்றைக்குப் பார். கொப்பர் பைப்பின் வாயை விரித்துக் கொடுக்கும் அந்தக் கோனை முழுக்கத் திருகி வெளியே கொண்டுவந்து, துணியால் துடைத்து, கட்டை விரல் நகத்தால் மேலிருந்து கீழாகவும் சுற்றியும் மெதுவாக இழுத்துப் பார். எங்காவது நகம் தட்டினால் அங்கே நசுங்கியிருக்கிறது. அடுத்து, பைப்பைப் பிடிக்கும் இரண்டு கட்டைகளையும் மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடி. ஓட்டைகளின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று சரியாக உட்காரவில்லை என்றால் ஃபிளேர், அதாவது விரித்த வாய், ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் வரும்.

கோனில் ஒரு கீறல் இருந்தால், அதில் விரிக்கும் ஒவ்வொரு பைப்பிலும் அதே கீறல் பதியும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கேஸ் அந்தக் கோட்டின் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அதிலும் இப்போது நம் வீடுகளில் மாட்டும் புது ஏர்கோன்களில் பெரும்பாலும் ஆர்32 என்ற குளிரூட்டும் வாயு. பழைய ஆர்22ஐவிட ஏறக்குறைய 1.6 மடங்கு அழுத்தம். ஆர்22 காலத்தில் ஒரு வருடம் தாங்கிய சுமாரான ஃபிளேர் இதில் ஒரு மாதம் தாங்காது. கொஞ்சம் தீப்பற்றும் வகை வாயு வேறு.

மூன்று வீட்டில் கேஸ் லீக் என்று எழுதியிருக்கிறாயே, அந்த மூன்றும் கெப்போங்குக்கு முன்னாலா பின்னாலா? நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் கவுண்டருக்கு ஒருவர் வந்து ஒரே மாதத்தில் மூன்று ஃபிளேர் கசிகிறது என்று சொன்னால், நான் முதலில் கேட்பது டூல் எங்காவது விழுந்ததா என்றுதான். அத்தானுக்கு டென்ஷன் என்று வேறு யாருடைய கஷ்டம் போலவோ எழுதுகிறாய். திரும்பப் போன மூன்று தடவையும் கேஸ் காசு, பெட்ரோல் காசு, அரைநாள் வேலை எல்லாம் அவர் பையிலிருந்து போனது. உன் கையிலிருந்து விழுந்ததற்கு அவர் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லித் திட்டிவிடுகிறேன். அடுக்குமாடியில் வெளிப்புறம் வேலை செய்யும்போது சாமானைக் கயிற்றில் கட்டி மணிக்கட்டிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். மேலிருந்து விழும் பொருளால் இந்த ஊரில் உயிர் போயிருக்கிறது. கீழே ஆள் இல்லாதது உன் சாமர்த்தியம் இல்லை.

ஆக, நீ வாங்க வேண்டிய முதல் சாமான் அத்தானுக்கு ஒரு ஃபிளேரிங் டூல். அம்மாவின் கூட்டுக் காசில் வாங்காதே, உன் சம்பளத்தில் வாங்கு. உன் ஐந்தாறு நாள் கூலியில் ஒழுங்கானது கிடைக்கும். கோன் நடுவில் நேராக இறங்கும் பழைய வகை வேண்டாம். சற்றே சாய்ந்து சுழன்று விரிக்கும் கோனும், போதுமான அளவு இறுகியதும் தானாக ‘கிளிக்’ என்று விட்டுவிடும் கிளட்ச்சும் உள்ள வகையைக் கேள். பைப்பைக் கசக்காமல் தேய்த்து விரிப்பதால் ஃபிளேரின் முகம் கண்ணாடி மாதிரி வரும்.

பெட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டு வராதே. 3/8 அங்குல கொப்பர் பைப்பில் ஒரு முழம் கையோடு எடுத்துக்கொண்டு போ. கடைக்காரர் முன்னாலேயே வெட்டு, பைப்பின் வாயைத் தரையைப் பார்த்துப் பிடித்து உள் பிசிறை எடு. மேலே பார்த்துப் பிடித்து எடுத்தால் துகள் உள்ளே விழுந்து கம்ப்ரசர் வரைக்கும் போகும். இதை வகுப்பில் சொல்லியிருப்பார்கள், நீ கேட்டிருக்கமாட்டாய். கிளட்ச் டூலில் பைப் கட்டைக்கு மேலே அரை மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. விரித்த வாயை அளந்தால் ஆர்32க்கு 13 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும், சரியாகச் சொன்னால் 12.8லிருந்து 13.2. நட்டை மேலே ஏற்றிப் பார், உரசாமல் உட்காரும். செய்து பார்க்க விடாத கடையில் வாங்காதே. நான் விட்டிருக்கிறேன், ஒரு நாளும் நஷ்டப்பட்டதில்லை.

இனி அந்த 3,000 வெள்ளி. கூட்டு விழுகிறது என்று லாட்டரி விழுந்த மாதிரி எழுதியிருக்கிறாய். அது உன் அம்மா மாதாமாதம் கட்டிய காசு, இப்போது எடுத்த பிறகும் கடைசி மாதம்வரை கட்டித் தீர்க்க வேண்டிய காசு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் கூட்டு பிடிப்பதற்குத் தடை இருக்கிறது. ஆனாலும் நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) அது நடக்காத வரிசை எது? நடத்தியவர் ஒரு ராத்திரியில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தோடு அவர் சேர்த்தது எதற்காக என்று நீ கேட்டாயா? பல்லுக்கா, கூரைக்கா, பழைய கடனுக்கா? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பாய். அம்மா கொடுக்கிறேன் என்றால் பிள்ளை உடனே கையை நீட்ட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. வேண்டாம் என்று சொல். இரண்டாவது முறையும் கொடுப்பார், அப்போதும் வேண்டாம் என்று சொல்.

அந்த 52 சாமான் பெட்டியை மறந்துவிடு. அதில் 30 சாக்கெட்டும் பிட்டுமாக இருக்கும். கார் பட்டறைக்கு ஆகும், ஏணியில் நிற்கும் உனக்கு ஆகாது.

உனக்கு இப்போதைக்குச் சொந்தமாக வேண்டியது கொஞ்சம்தான். 10 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பானர் இரண்டு: ஒன்று பிடிக்க, ஒன்று திருக. ஒன்றை மட்டும் வைத்துத் திருகினால் நட்டோடு பைப்பும் முறுக்கிக்கொள்ளும். வாய் 29 மில்லிமீட்டர் திறக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கு, ஆர்32இல் 5/8 பைப்பின் நட் அந்த அளவு. சுவருக்கும் பைப்புக்கும் நடுவே நுழையக்கூடிய சின்ன கட்டர் ஒன்று, கூடவே மாற்று பிளேடு. அவசரத்துக்குக்கூட கொப்பரில் இரும்பு ரம்பம் வைக்காதே. உள் பிசிறு எடுக்க ரீமர், சர்வீஸ் வால்வுக்கு அலன் கீ. 1000 வோல்ட் என்று கைப்பிடியிலேயே அச்சிட்ட ஸ்க்ரூ டிரைவர்கள். டேப் சுற்றிக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் அவரோடு வேலைக்குப் போகாதே. நல்ல கிளாம்ப் மீட்டர் ஒன்று, இதில் மட்டும் விலை பார்க்காதே. கெபாசிட்டரைத் தொடும் முன் அதில் மின்சாரம் மிச்சமிருக்கிறதா என்று உனக்குச் சொல்லப்போவது அதுதான்.

மாதம் ஒன்று வாங்கினால் போதும். வாயு அழுத்தம் பார்க்கும் கேஜும், பைப்பிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்கும் பம்பும் வேனோடு இருக்கும் சாமான்கள், அவை அத்தானுடையவை, நீ தனியாக வேலை எடுக்கும் நாளில் யோசிக்கலாம். அப்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஆர்22 கேஜைத் தூக்கி வராதே. ஆர்32க்கு ஹோஸின் வாயே வேறு: 5/16, பழையது 1/4. சுழற்றும்போதே மாட்டாது. அடாப்டர் போட்டு மாட்டினாலும் அந்த அழுத்தத்துக்குச் செய்ததில்லை, உள்ளே பழைய எண்ணெயும் மிச்சமிருக்கும்.

எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச் ஒன்றை மட்டும் சீக்கிரம் வாங்கச் சொல்வேன். 1/4 பைப்புக்கு 14லிருந்து 18 நியூட்டன் மீட்டர், 3/8க்கு 34லிருந்து 42. கைக்கணக்கு போதும் என்பார்கள் பெரியவர்கள். 20 வருடம் திருகிய கைக்குப் போதும், உன் கைக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. அதிகமாக இறுக்கினால் ஃபிளேர் அடியில் விரிசல் விடும், அதுவும் லீக்தான்.

அப்புறம், புது டூலை அக்காளிடம் கொடுத்து அனுப்பாதே. அம்மாவிடமும் முன்கூட்டிச் சொல்லாதே, சொன்னால் அவர் போன் போட்டு மாப்பிள்ளையிடம் பெருமை பேசிவிடுவார், விஷயம் கெட்டுப்போகும். காலையில் வேனில் ஏறும்போது நேராக அத்தான் கையில் கொடு. கெப்போங்கில் விழுந்ததற்கு என்று மட்டும் சொல். அவர் எதற்கு இது என்பார், வாங்க மாட்டேன் என்பார். டேஷ்போர்டில் வைத்துவிட்டு பசியாறப் போய்விடு. பழைய டூலை அவர் தூக்கிப் போடுவதாக இருந்தால் கேட்டு வாங்கிக்கொள், மிச்சப் பைப்பில் வீட்டில் பழகிப் பார்க்க ஆகும்.

ரசீதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடு. வாரண்டிக்கு அவருக்கு வேண்டும்.