ஃபைலுக்கும் கியூவா?

ஊரடங்குக் காலத்து வாசிப்பு பற்றிப் போன இதழில் எழுதப்போக, வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆன்லைன் நூலகம் பற்றித்தான். கிடைத்த இடத்தில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: 2020-ல் நியூஜெர்சியில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டேன். நூலகம் மூடியிருந்தாலும் போனிலேயே புத்தகம் இரவல் எடுக்கலாம் என்று லிப்பி ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். ஆசையாக ஒரு நாவலைத் தொட்டால், பதினோரு வாரம் காத்திருக்கச் சொன்னது. வெறும் ஃபைல்தானே ஐயா, இன்னொரு காப்பி போட எவ்வளவு நேரமாகும்? இதற்குமா ரேஷன் கடை வரிசை?
(மதுரை வாசகர்)

பதில்: காப்பி போட ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் நூலகம் அந்த ஃபைலை வாங்குவதில்லை, உரிமத்துக்குத்தான் பணம் கட்டுகிறது. பெரும்பாலும் ஒரு உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான். பத்துப் பேர் சேர்ந்தாற்போல் படிக்க வேண்டுமா, பத்து உரிமம் வாங்கு என்பார்கள். அதுவும் நிரந்தரமில்லை. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011-ல் ஒரு விதி கொண்டுவந்தது: 26 முறை இரவல் போனால் உரிமம் காலி, மறுபடி காசு கட்டு. அச்சுப் புத்தகம் அத்தனை கை மாறினால் நைந்துபோகும் அல்லவா, அதே கணக்காம். கிழியாத புத்தகத்தைக் கிழிந்ததாகப் பாவிக்கச் சொன்ன அந்த மூளையை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும். வேறு சில பெரிய பதிப்பகங்கள் இரண்டு வருடக் கெடு வைத்தன. விலையாவது மலிவா என்றால், நீங்களும் நானும் மின்னூலுக்குக் கொடுப்பதைப்போலப் பல சமயம் சில மடங்கு.

மேக்மில்லன் ஒரு படி மேலே போனது. 2019 நவம்பரிலிருந்து, புதுப் புத்தகம் வெளிவந்த முதல் எட்டு வாரத்துக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு மின்பிரதிதான் என்றார்கள், ஊர் நியூயார்க் அளவு பெரிதாக இருந்தாலும் சரி. நூலகங்கள் சில அந்தப் பதிப்பகத்தின் மின்னூலே வேண்டாம் என்று ஒதுக்கிவைத்துப் பார்த்தன. கடைசியில் நூலகங்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த 2020 மார்ச் 17 அன்று அந்த விதி கைவிடப்பட்டது. பெங்குவின் ரேண்டம் ஹவுஸும் அப்போது இரண்டு வருட உரிமத்தின் பாதி விலைக்கு ஒரு வருட உரிமம் தர முன்வந்தது.

அப்படியும் வரிசை குறையாததற்குக் காரணம் கூட்டம். லிப்பியை நடத்தும் ஓவர்டிரைவ் வழியாக 2020-ல் உலகம் முழுக்க 43 கோடி மின்னூல், ஒலிநூல், இதழ்கள் இரவல் போயின, முந்தின ஆண்டைவிட 33 சதவீதம் அதிகம். நூலகத்துக்கு நேரில் போகாமலே ஆன்லைனில் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொள்ளப் பல ஊர்களில் வழி செய்ததால், அதுவரை நூலகப் பக்கமே போகாதவர்களும் உள்ளே வந்தார்கள். பட்ஜெட் அதே வேகத்தில் வளருமா?

வரிசையே இல்லாத ஹூப்லா என்ற இரவல் ஆப்பும் உண்டு. அங்கே யார் வேண்டுமானாலும் உடனே எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு இரவலுக்கும் நூலகத்தின் பையிலிருந்து காசு போகும். கூட்டம் கூடினால் நூலகம் என்ன செய்யும்? ஆளுக்கு மாதம் இத்தனைதான், மொத்தத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கும். வரிசை இல்லை, அதற்குப் பதில் 'இன்றைய கோட்டா முடிந்தது, நாளை வாருங்கள்'. ரேஷன் கடை என்று நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை.

அடுத்த முறை மகள் வீட்டுக்குப் போனால் ஒரே புத்தகத்துக்குக் காத்திருக்காமல் நாலைந்துக்குப் பதிந்து வையுங்கள். எல்லாம் ஒரே நாளில் வந்து நின்றால், பிறகு தா என்று தள்ளிப்போட ஆப்பிலேயே வசதி உண்டு, வரிசையில் இடம் போகாது.

கேள்வி: இன்டர்நெட் ஆர்கைவ் என்ற அமெரிக்க இணைய நூலகம் கொரோனா சமயத்தில் லட்சக்கணக்கான புத்தகங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டது. எம்.ஏ. ஆய்வேட்டைப் பாதி அதை வைத்துத்தான் முடித்தேன். திருட்டு என்று கேஸ் போட்டது நியாயமா?
(கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: நீங்கள் கடன்பட்ட இடம், அதனால் கோபம் வரும். நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் அதற்கு முன்பே புத்தகங்களை ஸ்கேன் செய்து இரவல் கொடுத்து வந்தார்கள், கையில் ஒரு அச்சுப் பிரதி இருந்தால் ஒரு நேரத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில். 2020 மார்ச் 24 அன்று 'தேசிய அவசர நூலகம்' என்று பெயர் வைத்து அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். சுமார் 14 லட்சம் புத்தகம், காத்திருப்புப் பட்டியல் கிடையாது. ஊரில் உள்ள அச்சுப் பிரதிகளெல்லாம் பூட்டிய கட்டடங்களுக்குள் கிடக்கின்றன, அதற்கு ஈடாகத்தான் இது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது புரிகிறது. ஆனால் எழுத்தாளர்களும் அந்த ஊரடங்கில் வருமானமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தானே, அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற எரிச்சலும் புரிகிறது.

ஜூன் 1 அன்று ஹாஷெட், ஹார்ப்பர்காலின்ஸ், பெங்குவின் ரேண்டம் ஹவுஸ், வைலி ஆகிய நாலு பதிப்பகத்தாரும் 127 புத்தகங்களைக் குறிப்பிட்டு வழக்குப் போட்டார்கள். மாத முடிவு வரை திறந்திருக்க வேண்டிய நூலகம் ஜூன் 16-லேயே மூடப்பட்டது. அதோடு விட்டார்களா? வழக்கு அந்த மூன்று மாதத்தைப் பற்றி மட்டுமில்லை, பழைய ஒன்றுக்கு ஒன்று முறையையே குறிவைத்தது. 2023 மார்ச்சில் தீர்ப்பு ஆர்கைவுக்கு எதிராக வந்தது, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் இரவல் பட்டியலிலிருந்து போயின. எண்ணம் நல்லதுதான், கணக்குத்தான் தப்பு என்பேன். அந்த அவசரக் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் பழைய ஏற்பாடு இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும்.

கேள்வி: நெட் இல்லாதவனுக்கு ஆன்லைன் நூலகத்தால் என்ன லாபம்?
(தருமபுரி வாசகர்)

பதில்: ஒன்றுமில்லை. அமெரிக்காவிலேயே அந்தச் சிக்கல் இருந்தது. கட்டடத்தை மூடினாலும் வைஃபையை அணைக்காதீர்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் 2020 மார்ச்சில் கேட்டுக்கொண்டது. பூட்டிய நூலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் பாடம் அனுப்பினார்கள், பெரியவர்கள் வேலைக்கு விண்ணப்பித்தார்கள். நம் ஊரில் ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: புத்தகத்தில் வைரஸ் ஒட்டியிருக்கும் என்று அப்போது பயந்தோமே, நிஜமா?
(கரூர் வாசகி)

பதில்: நானே இரவல் புத்தகங்களை மொட்டை மாடியில் அப்பளம்போல் காயப்போட்டவன். அமெரிக்காவில் ஓசிஎல்சி என்ற நூலக அமைப்பும் பேட்டல் ஆய்வகமும் சேர்ந்து சோதித்தார்கள். தனித்தனியாக வைத்த புத்தக அட்டைகளில் மூன்று நாளில் கண்டறிய முடியாத அளவுக்குப் போய்விட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது ஆறு நாள் கழித்தும் இருந்தது. அதனால்தான் திரும்பி வந்த புத்தகங்களையும் தனிமைப்படுத்தினார்கள். பொருட்களைத் தொடுவதால் தொற்றும் ஆபத்து மிகக் குறைவு என்று அங்குள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021-ல்தான் சொன்னது. அப்பளம் காய்ந்தது மிச்சம்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. அந்த ஊரடங்கில் போனில் படிக்கப் பழகியவர், இன்னும் விடவில்லை. வரிசையில் நிற்காமல், காசும் கொடுக்காமல் தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும்?
(கோவை வாசகி)

பதில்: இந்த விஷயத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பாரதியின் எழுத்துரிமையை 1949-ல் அரசு வாங்கியதே, அதன் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்தாயிற்று, இனி யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். 26 முறைக் கணக்கு, இரண்டு வருடக் கெடு எதுவும் கிடையாது. ஒரே ராத்திரியில் ஒரு லட்சம் பேர் எடுத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இவை ஸ்கேன் வடிவில் இருக்கின்றன. ஈழத்து நூல்கள், பழைய பத்திரிகைகள் வேண்டுமானால் நூலகம் என்ற தளம், 2005-லிருந்து நடக்கிறது.

ஆனால் அம்மாவுக்கு ஸ்கேன் பக்கத்தைக் கொடுக்காதீர்கள். சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும், அவர் விரலால் இழுத்து இழுத்து நாலு பக்கத்தில் அலுத்துவிடுவார். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த எழுத்தாகவே கிடைக்கும், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப் என்ற மின்னூல் வடிவம் இருக்கிறது. இரண்டிலும் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானே மடங்கிக்கொள்ளும். முதல் தடவை மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு இருபது புத்தகத்தை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் நெட் கட்டானாலும் ஓடும்.