எழுத்தாளரே சொந்தமாக வெளியிடும் நாவல்களை நம்பி வாங்கலாமா? அப்படி ஏதாவது படித்து ரசித்திருக்கிறீர்களா?

தாராளமாக வாங்கலாம். அண்மையில் நான் படித்து முடித்த கையோடு மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கிய நாவல் அப்படி வந்ததுதான். இங்கே சிங்கப்பூரில், உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நடந்த வெளியீட்டில் வாங்கினேன். எழுதியவர் தெரிந்தவர் என்பதால், விளம்பரம்போல் ஆகிவிடக்கூடாதென்று பெயரைத் தவிர்க்கிறேன்.

கதை மன்னார்குடியில் நடக்கிறது. 'மன்னார்குடி மதிலழகு' என்பார்கள். அந்த மதில் போகிறபோக்கில் ஒருமுறை வருகிறது, அவ்வளவுதான். ராஜகோபாலசுவாமி கோயிலையும் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தையும் சுற்றிக்காட்டும் எண்ணமே ஆசிரியருக்கு இல்லை. பந்தலடிப் பக்கம் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருப்பவர், அதே சந்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர், இந்த இரண்டு பேர்தான் நாவல். காதல் இல்லை, சொந்தபந்தமும் இல்லை. 30 வருஷப் பழக்கம். அந்த ஒட்டுதலுக்கு ஊரில் யாரும் பெயர் வைக்கவில்லை, ஆசிரியரும் வைக்கவில்லை.

டீச்சரின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வேலை முடிந்து இங்கே இரவு 8 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே மாலை 5.30. வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் டீச்சர் தையல் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துதான் பேசுவார். போன் அடித்ததும் தையல்காரர் மிஷினை நிறுத்திவிடுவார். தீபாவளிக்கு முந்தின வாரம் துணி மலையாகக் குவிந்து கிடந்தாலும் அப்படித்தான். டீச்சர் பேசி முடிக்கிறவரை ஊசியை எடுத்து ஹூக் தைத்துக்கொண்டிருப்பார். "உனக்கென்னம்மா, அங்க அமைதியா இருக்கு. இங்கதான் எந்நேரமும் சத்தம்" என்று மகன் ஒருநாள் சொல்கிறான். டீச்சர் தலையைத் தூக்கித் தையல்காரரைப் பார்க்கிறார். அத்தோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அம்மாவின் ஊருக்குப் பேசிப் பேசிப் போனின் இந்த முனை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முனையை இவ்வளவு பக்கத்தில் வைத்துக் காட்டிய கதை வேறொன்றை நான் படித்ததில்லை.

பிறகு டீச்சருக்கு உடம்பு முடியாமல் போகிறது. ஆள் பாதியாகி, பழைய பிளவுஸ்களை எல்லாம் பிடித்துத் தரச்சொல்லிக் கொண்டுவருகிறார். தையல்காரர் பிடித்துத் தருகிறார். ஆனால் மிஞ்சிய துணியை வெட்டாமல் உள்ளேயே விட்டுவிடுகிறார். தையலையும் நெருக்கமாகப் போடவில்லை. "உறுத்துது, வெட்டிருங்களேன்" என்கிறார் டீச்சர். "இருக்கட்டும் டீச்சர். மறுபடி பிரிச்சுவிட வேண்டி வரும்." அன்பைப் பற்றி நாவல் முழுக்க யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு இந்த ஒரு பதில் போதும்.

குறை இல்லையா என்றால், உண்டு. ஒற்றுப்பிழைகள் கண்ணை உறுத்தின. கதைக்குச் சம்பந்தமே இல்லாத வம்ச வரலாறு ஒரு முழு அத்தியாயம் ஓடுகிறது. நல்ல எடிட்டர் இருந்திருந்தால் அதை எடுத்திருப்பார், எடுப்பதுதான் சரி. ஆனால் அதே கை தண்ணீர் வரும் அத்தியாயத்திலும் விழுந்திருக்குமோ என்ற பயம் எனக்கு உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்தாலும் பாமணியாற்றுக்குத் தண்ணீர் வந்துசேரப் பல நாள் ஆகும். அந்த நாள்களில் தையல்காரர் ஆற்றுப் பாலம்வரை போகிறார், பார்க்கிறார், திரும்பி வருகிறார். மறுநாளும் போகிறார். வேறொன்றும் நடப்பதில்லை. பின்னால் மகன் "சிங்கப்பூருக்கே வந்துடுங்கம்மா" என்று கூப்பிடும்போது டீச்சர் ஏன் தயங்குகிறார் என்று ஆசிரியர் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாலத்தில் நாமும் நின்றுவிட்டுத்தானே வந்திருக்கிறோம்!

பதிப்பகம் இல்லை என்பதை வைத்து எழுத்தை எடைபோடாதீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். இவ்வளவு சிறிய வாசகர் கூட்டத்தை நம்பி ஒரு பதிப்பகம் நாவலுக்குக் கைக்காசைப் போடுவது கடினம். அதனால் பலர் சேமிப்பை எடுத்துத் தாங்களே அச்சடிக்கிறார்கள்.

வாங்கும்முன் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்துப் படித்துப் பாருங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் மெருகேற்றி வைத்திருப்பார்கள். அப்படியும் தயக்கமாக இருந்தால் நூலகத்தில் தேடுங்கள். சிங்கப்பூரில் வெளியாகும் நூல் எதுவானாலும் 4 வாரங்களுக்குள் 2 பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும்; சொந்த வெளியீட்டுக்கும் அதே சட்டம்தான். விக்டோரியா ஸ்திரீட்டில் லீ கொங் சியான் நூலகத்திலிருந்து இரவல் வாங்க முடியாது, உட்கார்ந்து படிக்கலாம். பிடித்துப்போனால் எழுதியவரிடமே ஒரு பிரதி வாங்குங்கள். எந்த இடம் பிடித்தது என்று அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.