1962ஆம் ஆண்டில் மேற்கத்திய இசையுலகில் நடந்த முக்கிய நிகழ்வுகள் எவை?

இக்கேள்விக்குப் பலரும் பீட்டில்ஸ் குழுவையே விடையாகச் சொல்வார்கள். என் கணிப்பிலோ அவ்வாண்டின் தலையாய நிகழ்வு, மே 30 அன்று இங்கிலாந்தின் கோவென்ட்ரி பேராலயத்தில் ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டெனின் ‘வார் ரெக்வியம்’ (போர் இரங்கலிசை) அரங்கேறியதுதான். 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்த பழைய ஆலயத்தின் அருகே எழுந்த புதிய ஆலயத்தின் அர்ப்பணிப்புக்காக இயற்றப்பட்ட இப்படைப்பில், இறந்தோருக்கான இலத்தீன் வழிபாட்டு வரிகளுடன், முதல் உலகப்போர் முடிய ஒரு வாரமே இருந்தபோது களத்தில் மாண்ட வில்பிரட் ஓவனின் கவிதைகளும் பின்னப்பட்டுள்ளன. ஆங்கிலேயர், ஜெர்மானியர், ரஷ்யர் என மூவரைத் தனிக்குரல்களாகப் பாடவைத்து இணக்கத்தை உணர்த்தப் பிரிட்டென் விரும்பினார். ஆனால், பாடகி கலினா விஷ்னேவ்ஸ்கயாவுக்குச் சோவியத் அரசு அனுமதி மறுத்ததால், அவர் பகுதியை ஹெதர் ஹார்ப்பர் குறுகிய அவகாசத்தில் கற்றுப் பாடினார். மறு ஆண்டு வெளியான இசைத்தட்டில் ஒலிப்பது விஷ்னேவ்ஸ்கயாவின் குரலே.

அதே சோவியத் நாட்டில், டிசம்பர் 18 அன்று, இசையமைப்பாளர் ஷாஸ்டகோவிச்சின் 13ஆவது சிம்பொனி மாஸ்கோவில் அரங்கேறியது. உக்ரைனின் ‘பாபி யார்’ பள்ளத்தாக்கில் நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையைப் பற்றிய யெவ்துஷென்கோவின் கவிதையோடு அது தொடங்கியது ஆட்சியாளர்களுக்கு உவப்பாக இல்லை. பின்னர் சில வரிகள் மாற்றப்பட்டன.

வெகுசன இசையில், மார்ச்சில் பாப் டிலனின் முதல் ஆல்பம் வெளியானது. ஜூலையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு லண்டனில் முதன்முறை மேடையேறியது. ஜனவரி 1 அன்று டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் பாடிக்காட்டி நிராகரிக்கப்பட்ட பீட்டில்ஸ், ஆகஸ்டில் ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்துக்கொண்டு, அக்டோபர் 5 அன்று இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனம் வழியாக வெளியிட்ட ‘லவ் மீ டூ’ பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 17ஆம் இடத்தைத்தான் எட்டியது.