முதலில் 1930, அழுகை அப்புறம்

வாசகர் கேள்விகளுக்கு, மதுரையில் 32 வருடம் வங்கிக் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவரின் பதில்கள்

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எங்களுக்குச் சின்னக் கடை. ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், தங்கை கல்யாணத்துக்கு 20 கிலோ மல்லிகை வேண்டும் என்று போனில் பேசினார். முன்பணம் அனுப்புவதாக வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் படம் வந்தது. ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டேன். 18,500 ரூபாய் போய்விட்டது. ஒரு வாரம் ஆகிறது. "நீங்களே பின் போட்டிருக்கிறீர்கள், நாங்கள் என்ன செய்ய?" என்கிறது வங்கி. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. பணம் திரும்புமா?
– உசிலம்பட்டி வாசகி

பதில்: உங்கள் கடிதம் கிடைத்ததுமே போனில் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

அம்மா, வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தே ஒரு வாரம் போய்விட்டதே, அதுதான் எனக்கு வருத்தம். திருட்டுப் பணம் ஒரு கணக்கில் தங்காது. அடுத்த கணக்கு, அதற்கடுத்தது, அப்புறம் ஏதோ ஊர் ஏடிஎம்மில் ரொக்கம். உடனே சைபர் குற்றப் புகாருக்கான 1930 உதவி எண்ணைக் கூப்பிட்டால் வங்கிகளுக்குத் தகவல் போகும். மிச்சம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். அதைத் திரும்ப எடுக்க நீதிமன்றம் வரை அலைய வேண்டியிருக்கலாம். ஆனாலும் பணம் இருக்குமே. கணக்கு எண், தொகை, நேரம், யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்க எண், இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம்.

வங்கிக்காரர் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவால் போன பணம், வங்கியில் புகார் கொடுக்கும் வரைக்கும்தான் நம் தலையில். புகாருக்குப் பிறகு போனால் வங்கிதான் பொறுப்பு. நம் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறு என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அதனால் புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். விவரம் கேட்க 14448.

ஏமாந்தோமே என்று குமைய வேண்டாம். நான் ஓய்வுபெற்ற பிறகு வீட்டு ஊஞ்சலை விற்கப் பார்த்தபோது, என்னிடம் பேசியவரும் 'ராணுவக்காரர்'தான். பின் நம்பரில் மூன்று இலக்கம் போட்டுவிட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "பணம் வர்றதுக்கு எதுக்குங்க நம்பரு?" என்றாள். கவுன்டரில் எத்தனை பேருக்கு நான் பாடம் எடுத்திருப்பேன்! ஊஞ்சல் இன்னும் வீட்டில்தான் தொங்குகிறது. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பணம் தருவதாகச் சொல்லி அதைப் போடச் சொன்னாலே பணம் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று. பூ விற்ற காசும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த காசும் ஒரே கணக்கில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கடைக்குச் சுருக்குப் பையைத்தானே கொண்டுபோவீர்கள், பீரோவை இல்லையே? யுபிஐக்கு என்று தனிக் கணக்கு வைத்து, அதில் ஓரிரு நாள் வியாபாரத்துக்கு வேண்டியதை மட்டும் விடுங்கள். பெரிய தொகை இருக்கும் கணக்கைப் போனில் உள்ள யுபிஐயோடு இணைக்கவே வேண்டாம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனிடம், "உன் பெயரில் கணக்கு திறந்து ஏடிஎம் கார்டைக் கொடு, மாதம் 5,000 தருகிறேன்" என்கிறான் அவன் நண்பன். கொடுக்கலாமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: கூடவே கூடாது. மேலே அந்த அம்மாவின் 18,500 போய் விழுந்ததே, அப்படிப்பட்ட கணக்கைத்தான் கேட்கிறான். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் போலீஸ் முதலில் வரும். கார்டு ஏற்கெனவே கைமாறியிருந்தால், இன்றைக்கே மகனைக் கிளைக்குக் கூட்டிப்போய் கார்டை முடக்கி, நடந்ததை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.