கிளிநொச்சியில் ஓடும் மஸ்டா ஆர்எக்ஸ்-8க்கு எந்த ரயர் போடலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பாவித்த ஆர்எக்ஸ்-8 ஒன்று, இடம் கிளிநொச்சி. ரயர் நாலிலும் பக்கச்சுவர் வெடித்துக் கிடக்கிறது. கிழமைக்கொருக்கா ஏ-9 வழியே வவுனியா, இடைக்கிடை பரந்தனால் திரும்பி முல்லைத்தீவு. கூட்டாளிமார் 'செமி-சிலிக் (பள்ளக்கோடு குறைந்த ஓட்டப்போட்டி ரயர்) போடு, 245 (மில்லிமீற்றர் அகலம்) போடு' என்கிறார்கள். ரயர் கடைக்காரர் ஜப்பானில் கழற்றிய பழைய ரயரை அரைவிலைக்குத் தருகிறேன் என்கிறார்.

மூன்றையும் விடுங்கள். காரோடு வந்த அளவிலேயே, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் புது றோட்டு ஸ்போர்ட்ஸ் ரயர் நாலு போடுங்கள். கையில் கொஞ்சம் கூடக் காசு இருந்தால் 17 அங்குல ரிம்மோடு போடுங்கள். ஏன் என்று கீழே.

உங்கள் ரயரில் 225/45 ஆர் 18, 91 டபிள்யூ என்று இருக்கும். 225 மில்லிமீற்றர் அகலம். பக்கச்சுவர் அதில் 45 வீதம், அதாவது 101 மில்லிமீற்றர். 18 அங்குல ரிம். 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் 270 கிலோமீற்றர் வேகம் வரை. நம்முடைய றோட்டில் காருக்குச் சட்டப்படி 70தானே என்று கேட்பீர்கள். அந்த எழுத்து, ரயர் சூட்டை எவ்வளவு தாங்கும் என்பதையும் சொல்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் தார் கொதிக்கும்போது அது பிரயோசனப்படும். 91க்குக் குறைந்த எண்ணை எந்தக் கடைக்காரர் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

101 மில்லிமீற்றர் என்பது சுமார் நாலு அங்குல உயரம். அதுதான் ரிம்முக்கும் றோட்டுக்கும் நடுவில் இருக்கும் மெத்தை. காப்பெற் றோட்டை விட்டு உள் றோட்டுக்கு இறங்கும் இடம், மதகு ஓரம், வட்டுவாகல் பழைய பாலம் மாதிரி இடங்களில் கூர் விளிம்போடு ஒரு கிடங்கு வரும். சில்லு அதில் விழுந்து ஏறும்போது பக்கச்சுவர் இரண்டாக மடிந்து, கிடங்கின் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவில் நசிபடும். வெளியில் ஒன்றும் தெரியாது. உள்ளே நூல் அறுந்திருக்கும். அடுத்த நாள் காலை பார்த்தால் பக்கச்சுவரில் முட்டை அளவில் ஒரு கொப்பளம் நிற்கும். அதற்கு ஒட்டுப் போட முடியாது, ரயரை வீசத்தான் வேண்டும். உட்பக்கச் சுவரிலும் இது வரும்; குனிந்து பார்க்காமல் பலர் அப்படியே ஓடித் திரிகிறார்கள்.

245/40 போட்டால் இந்தச் சுவர் 98 மில்லிமீற்றராகக் குறைகிறது. அகலம் கூடுவதால் தண்ணீரில் மிதக்கும் குணமும் கூடுகிறது. 8 அங்குல அகல ரிம்மில் அது ஏறும். ஆனால் உங்களுக்கு அதில் கிடைப்பது தோற்றம் மட்டும்.

எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். 225/50 ஆர் 17 போட்டால் பக்கச்சுவர் 112 மில்லிமீற்றருக்கு மேலே வரும். மொத்த விட்டம் 660இலிருந்து 657 ஆகும், வேகமானி பொய் சொல்லாது. இது பிஎம்டபிள்யூ 3 வரிசைக் காருக்கும் வந்த அளவு என்பதால் தேடுவதும் சுகம். ரிம் வாங்கும்போது ஐந்து நட், 114.3 இடைவெளி, நடு ஓட்டை 67.1 மில்லிமீற்றர் என்று பாருங்கள். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு பலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது. ஸ்போர்ட்ஸ் மொடலில் முன் பிறேக் தட்டு 323 மில்லிமீற்றர். ரயர் ஏற்றமுதல் வெறும் ரிம்மை முன்சில்லில் பூட்டி, நட்டை இறுக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். பிறேக் கலிப்பரில் உரசினால் அந்த ரிம் சரிவராது. ரயர் ஏற்றிய பிறகு கண்டுபிடித்தால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.

இனி செமி-சிலிக். பக்கச்சுவரில் 'ட்ரெட்வேர்' என்று ஒரு எண் இருக்கும். 100 என்ற அளவு ரயரோடு ஒப்பிட்டுத் தேய்மானத்தைச் சொல்வது. கம்பனி தானே போட்டுக்கொள்ளும் எண் என்பதால் ஒரே கம்பனி ரயர்களை ஒப்பிடத்தான் நம்பலாம். மேலோட்டமாக, 200உம் அதற்குக் கீழும் ஓட்டப்போட்டிப் பக்கம், 300ஐ அண்டியது றோட்டு ஸ்போர்ட்ஸ், 500க்கு மேல் குடும்பக் கார். 200 ரகம் கட்டுகுருந்தை கார் ஓட்டப்போட்டித் திடலுக்கு நல்லது. ஏ-9இல் அதன் பசையுள்ள ரப்பர் சல்லியைப் பொறுக்கி கதவின் கீழ்ப் பெயின்ற் முழுக்க அடிக்கும். மழையில் பிரச்சினை இன்னும் பெரிது. தவாளிப்பு, அதாவது ரயர் மேலுள்ள பள்ளக்கோடு, குறைவு; தண்ணீர் போக வழியில்லை.

1960களில் நாசா விமானச் சில்லுக்காகக் கண்டுபிடித்த கணக்கு ஒன்று உண்டு. பி.எஸ்.ஐயில் அளந்த காத்தழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், தேங்கிய தண்ணீரில் ரயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று வரும். 32 பி.எஸ்.ஐக்கு சுமார் 94. 25க்கு 83. கார் ரயருக்கு இது அச்சொட்டாகப் பொருந்தாது. தவாளிப்பு ஆழமாக இருந்தால் இன்னும் தாங்கும், அகலமாகவும் மொட்டையாகவும் இருந்தால் முந்தியே விட்டுவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இரவில் 80இல் வந்து, ஒரு வளைவில் தண்ணீர் தேங்கியிருந்து, அதற்கு அப்பால் மாடு படுத்திருந்தால் உங்களுக்கு வேண்டியது ஈரப் பிடிப்புத்தான். காய்ந்த தாரில் கிடைக்கும் கடைசி ஐந்து வீதப் பிடிப்பை வன்னியில் பாவிக்க இடமே இல்லை.

ஆகவே 300ஐ அண்டிய ரகத்தில் தேடுங்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4, அதற்குப் பின் வந்த 5, பிறிட்ஜ்ஸ்ரோன் பொடென்சா ஸ்போர்ட், யோகஹாமா அட்வான் ஃபிளேவா எல்லாம் றோட்டு ஸ்போர்ட்ஸ் கூட்டம். மழைக்கும் பழுதான றோட்டுக்கும் என் தெரிவு மிஷெலின். காசு இறுக்கம் என்றால் ஃபிளேவா. ஐரோப்பிய ஒட்டுத்தாள் இருந்தால் மழை முகில் படத்துக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ அல்லது பி இருக்க வேண்டும். 'எம்+எஸ்' குறி போட்ட ரயர் சேற்றுக்கும் பனிக்கும் என்று செய்தது. பெயரில் 'ஓல் சீசன்' இருந்தாலும் நமது கோடையும் மாரியும் அந்த சீசனில் இல்லை. ரயரில் 'எக்ஸ்எல்' இருந்தால் கூடுதல் பாரம் தாங்கும், சுவரும் சற்று விறைப்பு. கிடங்குக்குக் கொஞ்சம் உதவும், அற்புதம் செய்யாது.

பழைய ஜப்பான் ரயர் விஷயம். தவாளிப்பு ஆறு மில்லிமீற்றர் இருக்கிறது, புதுசு மாதிரித்தான் என்பார்கள். பக்கச்சுவரில் 'டொட்' என்ற எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3514 என்றால் 2014ஆம் ஆண்டு 35ஆம் கிழமை செய்தது. ரப்பர் வயதால் இறுகும், இறுகியது ஈரத்தில் வழுக்கும். நகத்தால் அழுத்துங்கள், நகம் பதியாமல் சறுக்கினால் விட்டுவிடுங்கள். தவாளிப்பின் அடியில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருந்தாலும் அப்படியே. பழைய ரயருக்கு மேல் புதுப் பட்டை ஒட்டிய 'டாக்' ரயர் இந்தக் காருக்குப் பேச்சுக்கே இல்லை. புதிய ரயரிலும் இரண்டு வருடத்துக்குள் செய்ததைக் கேளுங்கள். கடை வாசலில் பின்னேர வெயில் படத் தொங்குவதை வாங்காமல் உள்ளே அடுக்கியிருப்பதை எடுக்கச் சொல்லுங்கள்.

ரயர் நல்லதாக இருந்தும் பூட்டும் இடத்தில் கெடுவது அதிகம். 45 சுவரை இரும்புக் கம்பியால் நெம்பி ஏற்றினால் விளிம்பு கிழியும், ரிம் கீறும். உதவிக் கை உள்ள மெஷின் எந்தக் கடையில் இருக்கிறது என்று முதலே கேட்டுக்கொண்டு போங்கள். சுவரில் 'அவுட்சைட்' என்று இருந்தால் அந்தப் பக்கம் வெளியே வரவேண்டும். அம்புக்குறி இருந்தால் முன்னோக்கிச் சுழல வேண்டும். இரண்டையும் மாறிப் பூட்டி, மழையில் கார் இழுக்கிறது என்று அலைன்மென்ற்றை (சில்லு நிற்கும் கோணங்களை) குறை சொல்வது வழக்கமான கூத்து. ரப்பர் வால்வு நாலையும் புதிதாக்குங்கள், அது சில்லறைக் காசு. நட்டை காத்துத் துப்பாக்கியால் கடைசி வரை இறுக்க விடாதீர்கள். கையால் 88இலிருந்து 118 நியூட்டன் மீற்றருக்குள், நட்சத்திரம் கீறும் ஒழுங்கில் இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப ஒருதரம் பாருங்கள்.

ரயர் கழற்றமுதல் ஒரு வேலை இருக்கிறது. பழைய ரயரின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே இழுங்கள், பிறகு உள்ளேயிருந்து வெளியே. ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் ரம்பப் பல் மாதிரி அரித்தால் 'டோ', அதாவது சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, பிழை. உள் விளிம்பு மட்டும் மொட்டை என்றால் 'கம்பர்' (சில்லின் மேற்பக்கம் உள்ளே சாயும் அளவு) கூட, அல்லது சில்லைத் தாங்கும் கையின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது. ஆர்எக்ஸ்-8இல் பின்சில்லுக்கும் அலைன்மென்ற் உண்டு. முன் இரண்டை மட்டும் பார்க்கும் கடையில் செய்தால் புது ரயரும் அதே மாதிரித் தேயும். நாலு சில்லும் பார்க்கும் கடையைத் தேடிப் போங்கள், தூரம் என்றாலும் பரவாயில்லை.

காத்து: முன்னும் பின்னும் 32 பி.எஸ்.ஐ, எக்ஸ்எல் என்றால் 34. விடிய, கார் ஓடமுதல் அளக்க வேண்டும். வவுனியா போய்ச் சேர்ந்த சூட்டில் அளந்தால் நாலைந்து கூடக் காட்டும். அதைப் பார்த்துத் திறந்துவிட்டால் அடுத்த நாள் 28இல்தான் நிற்பீர்கள். அந்த 28தான் கிடங்கில் கொப்பளம் வரச் செய்யும். எரிபொருள் நிலையத்து மானியை நம்பாமல் சொந்தமாக ஒன்று வாங்கி வையுங்கள்.

இப்போதைக்கு இரண்டுதான் வாங்கலாம் என்றால் புதியதைப் பின்னுக்குப் போடுங்கள். பின்சில்லு இழுக்கும் கார். மழையில் பின்பக்கம் விட்டால் திருப்பிப் பிடிப்பது கடினம். ஒரு அச்சில் வேறு வேறு ரயர் வேண்டவே வேண்டாம். புது ரயரில் முதல் 200, 300 கிலோமீற்றர் அமைதியாக ஓடுங்கள், ரயர் வார்க்கும் அச்சில் பூசும் எண்ணெய் மேற்பரப்பில் இருக்கும். ரயரில் உள்ள தேய்மானக் கோடு 1.6 மில்லிமீற்றரில் இருந்தாலும், தவாளிப்பு 3க்கு வந்தால் மாரிக்கு முதல் மாற்றுங்கள்.

இந்தக் காரில் பெரும்பாலும் மேலதிகச் சில்லு இருக்காது. கம்பனி தந்த பசைப் போத்தலும் காலாவதியாகியிருக்கும். வேலி முட்கம்பித் துண்டும் ஆணியும் சகஜமான இடம் என்பதால் 12 வோல்ற் காத்து மெஷின், திரி ஒட்டுப் பெட்டி (ஓட்டையில் திரியைச் செருகி அடைப்பது), தலையில் கட்டும் ரோச் மூன்றும் டிக்கியில் கிடக்கட்டும். திரி ஒட்டு வீடு வந்து சேரத்தான். பிறகு கழற்றி உட்பக்கத்தால் காளான் வடிவ ஒட்டுப் போடுங்கள். தோளிலோ பக்கச்சுவரிலோ ஓட்டை என்றால், அல்லது ஓட்டை 6 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் ஒட்டக்கூடாது. ஒட்டித் தருகிறேன் என்று சொல்லும் கடையில் ரயரையும் வாங்காதீர்கள்.